ஒரே தொலைபேசி எண்ணில் பதினோரு பேர்

கண்டியிலிருக்கும் கண் மருத்துவமனையின் தரவுத்தளத்தை அடுத்த மாதத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது, காப்புப் பிரதி எங்கே சேமிக்கப்படுகிறது, எந்த நிரல் எத்தனை மணிக்கு ஓடும் என்பதையெல்லாம் தனிக்கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் வேலை நடந்துவிடும். ஆனால் ஒரு சனிக்கிழமையைப் பற்றி அந்தக் கோப்பில் எழுத இடமில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

இப்படி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கும் நம் அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டேன். இனி வேறொரு வேலைத்திட்டத்துக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்தத் தரவுத்தளத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். உயர்தரம் எழுதிய முதல் ஆளும் நான். பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதனால் அடிக்கடி சொல்வேன். நீங்களும் சகித்துக்கொள்ளப் பழகியிருப்பீர்கள். அந்தப் பெருமைதான் நான் சொல்லப்போகும் தவறுக்கும் காரணம்.

அந்த மருத்துவமனையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. தருமத்துக்கு நடத்தும் சிறிய இடம். ஒரு சத்திரசிகிச்சை அறை, பத்துக் கட்டில்கள். சுற்றியுள்ள ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் போய்க் கண் பரிசோதிப்பார்கள். கண்புரை முற்றியவர்களைத் தெரிந்தெடுப்பார்கள். கண்ணுக்குள் வைக்க வேண்டிய லென்ஸின் அளவை எடுத்துக்கொள்வார்கள். முறை வரும்போது குறுஞ்செய்தி அனுப்பிக் கூப்பிடுவார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து நிபுணர் ஒருவர் வந்து, காலையிலிருந்து பிற்பகல் வரை வரிசையாகச் சத்திரசிகிச்சை செய்துவிட்டுப் போவார். ஒருவருடைய முறை தவறினால் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

நாங்கள் போவதற்கு முன் எல்லா நோயாளர்களும் ஒரே எக்செல் தாளில் இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவள் ரிஸானா. கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். என் வயதுதான். வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு முழு மருத்துவமனையையும் ஆண்டுகொண்டிருந்தாள். புதிய தரவுத்தளத்தின் வரைவை முதலில் அவளிடம்தான் காட்டினேன். ஒவ்வொரு நோயாளியையும் அவருடைய தொலைபேசி எண்ணை வைத்து அடையாளம் காண்பது என் திட்டம். ஒரு எண் என்றால் ஒரு ஆள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"ஒரே நம்பர ரெண்டு பேர் தந்தா இது என்ன செய்யும்?"

"தரமாட்டாங்க. இப்ப போன் இல்லாதவங்க யாரு இருக்கா?"

"எங்கட வூட்டுல உம்மாக்கும் எனக்கும் ஒரே நம்பர் தான் ஈக்கி."

"அப்ப உம்மாவுக்கு ஒரு சிம் வாங்கிக் குடுங்க."

ரிஸானா சிரித்தாள். "சரிங்க இஞ்சினியர் மெடம்," என்றாள். அந்தச் சிரிப்பில் கேள்வி அப்படியே இருந்தது. எனக்குக் கேட்கவில்லை. அப்போது என் கைப்பையில் இரண்டு சிம் போட்ட கைபேசி இருந்தது. அதுதான் உலகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய தாளிலிருந்து புதிய தரவுத்தளத்துக்கு ஆட்களைக் கொண்டுவர ஒரு நிரல் எழுதினேன். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் புதிய விவரத்தைப் பழையதன் மேல் எழுது. புதிதாக வரும் கட்டம் காலியாக இருந்தால் பழையதை அப்படியே விட்டுவிடு. இந்த இரண்டாவது விதி என் சொந்த யோசனை. தெரிந்த விவரமெதுவும் அழியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அதை எழுதி முடித்தபோது கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

நிரல் ஓடியது. பழைய தாளில் அறுநூற்று நாற்பது வரிகள். புதியதில் அறுநூற்றுப் பதினேழு பேர். இருபத்து மூன்று குறைவு.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நம் முதலாளியிடம் போய், "இருபத்து மூணு டூப்ளிகேட் இருந்துச்சு சேர், எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன்," என்றேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசமாட்டார். "ஓம், நல்லது பிள்ளை," என்றார். அந்த நல்லதை வீடுவரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

புதிய தரவுத்தளத்தோடு நடந்த முதல் சத்திரசிகிச்சை நாளன்று, என்ன நடக்கிறதென்று பார்ப்பதற்காக மடிக்கணினியோடு காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். நல்ல வெயில். நல்ல உடுப்பு. வாழ்த்து வாங்கத்தான் போனேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் ரிஸானா கையைக் காட்டினாள்.

"சுகந்தி, இங்க வாங்க. ஒங்கட கம்ப்யூட்டர்ல ஒரு ஆள். எங்கட வாங்குல பதினொரு பேர்."

நடைபாதையிலிருந்த நீள வாங்கில் எட்டுப் பெண்களும் இரண்டு ஆண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பதினோராவது ஆளான ஒரு பெண்ணின் இடம் மட்டும் காலி, அவருடைய பை அங்கே இருந்தது. அவர் உள்ளே போயிருந்தார். பக்கத்தில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றவர் சிவா அண்ணன், பன்வில பக்கம் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். அவரிடம் கேட்டேன்.

"என்ன அண்ணன், மெசேஜ் யாருக்கு வந்துச்சு?"

"மாரியாயி அக்காவுக்கு மட்டுந்தான் மிஸ். ஆனா எல்லாரும் என் நம்பரத்தானே குடுத்தாங்க. தோட்டத்துல பாதிப் பேருக்கு என் நம்பருதான். டொக்டர் வந்து பாத்தப்ப பதினோரு பேரையும் கூப்புடுறோம்னு சொன்னாரு. ஒரு மெசேஜ்தான் வந்துச்சு. சரி, எல்லாருக்கும் சேத்து ஒன்னா அனுப்பிட்டாங்கன்னு நெனச்சு எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

"பதினோரு பேரையும் முச்சக்கரவண்டியிலயா?"

"டவுன் வரைக்கும் மூணு ட்ரிப்பு. அங்கேருந்து பஸ்சு."

வாங்கிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "என் பேரு அதுல இல்லியாமே? அப்ப இவ்வளவு தூரம் வந்தது யாரு?" என்றார். வாங்கு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து சிவா அண்ணனின் எண்ணைத் தேடினேன். ஒரு பதிவு: மாரியாயி. பிறகு பழைய எக்செல் தாளைத் திறந்து அதே எண்ணைத் தேடினேன். பதினோரு வரிகள். சிரிப்பு நின்றது.

என் நிரல் பதினோரு பேரையும் ஒருவர்மேல் ஒருவராக எழுதிக்கொண்டே போயிருந்தது. கடைசி வரியில் இருந்தவர் மாரியாயி. அதனால் அவருடைய பெயர் நின்றது. மற்றப் பத்துப் பேரைத்தான் நான் சுத்தம் செய்திருந்தேன்.

முதலில் எனக்கு வந்தது வெட்கம். அடுத்து வந்தது கை பரபரப்பு. எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. யாருக்கும் சொல்லாமல் பத்துப் பேரையும் திரும்பச் சேர்த்துவிட்டு, "கொஞ்சம் சிக்கல், இப்ப சரி," என்று சொல்லிவிடலாம். விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் இருப்பீர்கள். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கும் மிக இனிப்பாகத் தெரியும்.

அப்போது எக்செல் தாளில் மாரியாயியின் வரியில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது. லென்ஸ் அளவு: காலி. அளவெடுத்த துண்டுச்சீட்டு அவருடைய கோப்பில் இருந்தது, தாளில் இன்னும் ஏற்றப்படவில்லை. ஆனால் என் தரவுத்தளத்தில் அவருக்கு அளவு இருந்தது. இருபத்தொன்றரை. அது எங்கிருந்து வந்தது? மேலேயுள்ள வரியைப் பார்த்தேன். முனியம்மா, இருபத்தொன்றரை. காலிக் கட்டம் வந்தால் பழையதை விட்டுவிடு என்று நான் பெருமையாக எழுதிய விதி, முனியம்மாவின் லென்ஸை மாரியாயியின் பெயருக்குக் கீழே வைத்திருந்தது.

"ரிஸானா, மாரியாயி எங்க?"

"இன்டக்கி மொத ஆள் அவங்க தானே. உள்ளுக்கு."

சத்திரசிகிச்சை அறையில் எதைப் பார்த்து லென்ஸை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் தரவுத்தளத்திலிருந்து அச்சான தாளைத்தான். அதை அழகாக வடிவமைத்ததும் நான்தான்.

ஓடினேன். வாசலில் தாதி மறித்தார். கதவைத் தள்ளிக்கொண்டு "நவத்தன்ன!" என்று கத்திவிட்டேன். நிறுத்துங்கள் என்று சிங்களத்தில். என் குரல் அவ்வளவு பெரிதென்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். உள்ளே கட்டிலில் மாரியாயி படுத்திருந்தார், முகத்தில் பச்சைத் துணி. பக்கத்தில் நிபுணர் கையுறையோடு நின்றிருந்தார். இன்னும் தொடங்கவில்லை.

மீதியையும் சிங்களத்தில்தான் பேசினோம். மாரியாயியின் தாளில் இருக்கும் லென்ஸ் அளவு மாரியாயியுடையதல்ல, வேறொருவருடையது என்றேன். வெறும் சந்தேகமா, நிச்சயமாகவே அவருடையதல்லவா என்று நிபுணர் கேட்டார். "அல்ல. நான் விட்ட பிழை," என்றேன். அவர் அந்தத் தாளை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பிறகு கேட்டார்: "இன்றைக்கு இருக்கும் மற்றவர்களுடைய தாள்கள் சரியா?"

சரி என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். நான் நல்ல மாணவி. கேள்வி கேட்டால் விடை சொல்லிப் பழகியவள். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்கப் போனவளுக்குத் தெரியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டமென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்று சொன்னால் நம்மை அனுப்பிவைத்த எல்லாரும் சேர்ந்து தோற்றுப்போவது போல இருக்கும்.

"தெரியாது," என்றேன். "இருபது நிமிடம் தந்தால் தெரிந்துவிடும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். "ஹரி நங்கி. இருபது நிமிடம். நான் தேநீர் குடிக்கிறேன்," என்றார். ஹரி நங்கி என்றால் சரி தங்கச்சி.

துணிக்கு அடியிலிருந்து மாரியாயி கேட்டார்: "என்னவாம்? முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஒங்க விவரத்த ஒருக்கா சரிபாக்கணும்."

"என் பேரு மாரியாயி. அதுல சரிபாக்க என்ன இருக்கு?"

வெளியே வந்து முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒப்பரேசனை நிப்பாட்டினீரோ?"

"நிப்பாட்டிட்டேன் சேர்."

"அது காணும். மிச்சம் பிறகு கதைப்பம். இப்ப போனை வையும்."

அந்த இருபது நிமிடத்தில் நான் எதையும் திருத்தவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தரவுத்தளத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்தேன், பிழையோடு சேர்த்து. பிறகு பழைய தாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எந்தெந்த எண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளில் இருக்கின்றன? ஏழு எண்கள் வந்தன. ஏழு எண்களில் முப்பது பேர். இதைப் போன வாரமே கேட்டிருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முப்பது பேரில் அன்றைய பட்டியலில் இருந்தவர்கள் மூன்று பேர்: மாரியாயி, கண்டி நகரத்து ஆள் ஒருவர், கம்பளைப் பக்கத்து அம்மா ஒருவர். ரிஸானா அலுமாரியைத் திறந்து மூன்று கோப்புகளையும் கொண்டுவந்து, அளவுக் கருவியிலிருந்து வந்த துண்டுச்சீட்டுகளை மேசையில் பரப்பினாள். கம்பளை அம்மாவின் தாள் சரி. கண்டிக்காரரின் பெயருக்குக் கீழே அவருடைய மனைவியின் அளவு. மாரியாயியின் துண்டுச்சீட்டில் இருபத்து நான்கு.

"யா அல்லாஹ்," என்றாள் ரிஸானா மெதுவாக. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் எழும்பினாள். "பாத்தது காணும். டொக்டருக்கு எழுதிக் குடுங்க."

பதினெட்டாவது நிமிடத்தில் நிபுணரிடம் போய், இரண்டு தாள்கள் பிழை, மற்றவை எல்லாம் சரி, துண்டுச்சீட்டுகள் இதோ என்றேன். அவர் துண்டுச்சீட்டுகளைத் தானே ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அப்படியில்லை, எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இன்னொரு நல்ல விஷயமும் நடந்தது. அன்றைய பட்டியல் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறதென்று ரிஸானா முதல்நாளே யோசித்திருந்தாள். காரணம் இப்போது தெரிந்தது. பன்வில ஆட்கள் பதினோரு பேரில் ஆறு பேருக்கு இந்த மாதம் முறை, ஐந்து பேருக்கு அடுத்த மாதம். ஆறில் ஐந்து பேரைத்தான் நான் தொலைத்திருந்தேன். அவர்களுடைய ஐந்து இடங்களும் காலியாகவே இருந்தன. ஆட்களும் வாங்கில் இருந்தார்கள், சிவா அண்ணனின் புண்ணியத்தில். இனி யார் யார் என்று சரியாகப் பதிந்துகொள்வதுதான் பாக்கி.

நான் வாங்கின் முன்னால் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பெண்ணிடம் கேட்டேன்:

"நீங்க முனியம்மாதானே?"

"ஆமாங்க மிஸ்."

மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று எழுந்தார். "ஏய் லெச்சுமி! முனியம்மா நானுடி!"

"மிஸ்சு கேட்டாங்க, ஆமான்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?"

மறுபடியும் வாங்கு முழுக்கச் சிரிப்பு. ஆனால் நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கணினியோடு உட்கார்ந்திருக்கும் ஆள் எதைக் கேட்டாலும் எங்கள் தோட்டத்தில் ஆமா என்றுதான் சொல்வார்கள். அது மரியாதை. என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. நான் அங்கேயே வளர்ந்தவள். அதற்குப் பிறகு "நீங்க இன்னாரா" என்று யாரிடமும் கேட்கவில்லை. "ஒங்க பேரச் சொல்லுங்க. வீட்டுக்காரரு பேரு? எந்தக் கண்ணு மங்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ரிஸானா கோப்பையும் துண்டுச்சீட்டையும் எடுத்துத் தந்தாள். ஒரு ஆள் முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்த ஆள். ஒரு எண்ணுக்கு ஒரு ஆள் என்ற விதியை முதலில் பிரதியில் நீக்கிப் பார்த்து, பிறகு உண்மையான தரவுத்தளத்தில் நீக்கினேன். பதினோரு பேருக்கும் பதினோரு பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம்.

வாங்கிலிருந்த இரண்டு ஆண்களில் ஒருவர், செல்லையா ஐயா, தன் முறை வந்ததும் கேட்டார்: "இவ்வளவு நேரமும் நான் இதுக்குள்ள இல்லியா?"

"இல்லீங்க ஐயா. இப்ப இருக்கீங்க."

"அப்ப சரி. நேத்து நெஞ்சு ஒருமாதிரியா இருந்துச்சு, அதான் கேட்டேன்."

பகல் இரண்டு மணி தாண்டியபோது கடைசி ஆளான லெச்சுமியையும் சத்திரசிகிச்சை முடித்து வெளியே கொண்டுவந்தார்கள். மாரியாயிக்கு இருபத்து நான்கு. முனியம்மாவுக்கு இருபத்தொன்றரை. இரவு தங்க வேண்டிய ஆறு பேரையும் கட்டில்களில் சேர்த்தாயிற்று. செல்லையா ஐயாவுடன் மற்ற நால்வருக்கும் அடுத்த மாதத் திகதி கொடுத்து, பனிசும் பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினோம். ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் செய்தி வரும் என்று சிவா அண்ணனிடம் சொன்னேன்.

"அஞ்சு மெசேஜும் எனக்குத்தானே?"

"ஒங்களுக்குத்தான் அண்ணன்."

"அப்ப ரைட்டு. ஒன்னா அனுப்புனாத்தான் எனக்குக் குழப்பம்."

எனக்குத் தெரியாதது என்று இதில் எதுவுமே இல்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உயர்தரப் பெறுபேறு வந்த அன்றைக்கு, தோட்டத்துக் கடைக்காரரின் தொலைபேசிக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் அவருடைய எண்ணைத்தான் எழுதினேன். அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு ரோட்டில் நின்று என் பெயரைக் கூவினார். அப்படி வந்தவள், ஆறே வருடத்தில், ஒரு எண்ணுக்கு ஒரு ஆள் என்று எழுதினேன். நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இந்தப் பிழையை விட்டிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். நான் விட்டதற்குக் காரணம், நன்றாகப் படித்தவளைப் போலத் தரவுத்தளம் எழுத ஆசைப்பட்டேன். படிப்பு வேண்டும், நிறைய வேண்டும். ஆனால் வேலைக்கு வரும்போது வீட்டில் தெரிந்ததை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். தரவில் இருப்பவர்களைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் உங்களுடைய பாதித் தகுதி. மீதிப் பாதியை ரிஸானா போன்றவர்கள் கேள்வியாகக் கேட்பார்கள். அவர்கள் கேட்கும்போது சிம் வாங்கச் சொல்லாதீர்கள்.

அடுத்த வாரம் நானும் ரிஸானாவும் சேர்ந்து உட்கார்ந்து வடிவத்தை மாற்றினோம். தொலைபேசி எண்கள் தனி அட்டவணைக்குப் போயின. ஒரு எண்ணுக்கு எத்தனை ஆட்களும் இருக்கலாம். அதில் "இது யாருடைய போன்" என்று ஒரு கட்டம் நீங்கள் பார்ப்பீர்கள். மகன், கடைக்காரர், வண்டிக்காரர் என்றெல்லாம் அதில் இருக்கும். அது ரிஸானாவின் யோசனை, அதை யாரும் நீக்கக்கூடாது. இரண்டு பதிவுகள் மோதினால் நிரல் தானாக ஒன்றன்மேல் ஒன்றை எழுதாது, நின்று ஒரு மனிதரைக் கேட்கும். வரிகள் குறைந்தால் எத்தனை குறைந்தன என்று சொல்லாது, யார் யார் குறைந்தார்கள் என்று பெயர் சொல்லும். எல்லாம் முடிந்ததும் ரிஸானா கேட்டாள்:

"அப்ப இனி உம்மாக்கு சிம் வாங்கத் தேவல்ல தானே?"

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். விடுமுறைதான், ஆனாலும் போனேன். கண்கட்டு அவிழ்ப்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தாதி மாரியாயியின் கட்டை அவிழ்த்து, கண்ணைத் துடைத்து, மெதுவாகத் திறக்கச் சொன்னார். மாரியாயி ஜன்னலைப் பார்த்தார். தாதியைப் பார்த்தார். வாசலில் நின்ற சிவா அண்ணனைப் பார்த்து, "ஒனக்கு இவ்வளவு நரைச்சிருச்சாடா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நேத்து வந்து பேசினேனே, அந்தப் புள்ளைதாம்மா."

"நீயா!" கண்ணைச் சுருக்கி மேலும் கீழும் பார்த்தார். "கொரலக் கேட்டு நான் எவ்வளவோ பெரிய ஆளுன்னு நெனச்சேன். நீ இத்தினிக்கூண்டு இருக்க."

ரிஸானா ஆறு பேருக்கும் அட்டைகள் எழுதிக்கொண்டிருந்தாள். அச்சடிக்க இன்னும் ஏற்பாடாகவில்லை, கையால்தான் பெரிய எழுத்தில் இலக்கம் போட்டிருந்தாள். மாரியாயியின் அட்டையை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா?"

"ஒங்க அட்டைம்மா. இதுல இருக்கிறது ஒங்களுக்குன்னு உள்ள இலக்கம். நானூத்திப் பன்னெண்டு. வேற யாருக்கும் இது இல்ல. எப்ப வந்தாலும் இதக் காட்டினாப் போதும்."

"எனக்கு மட்டுமா? சிவாவுக்கு?"

"அவருக்கும் இல்ல. ஒங்களுக்கு மட்டுந்தான்."

"நானூத்திப் பன்னெண்டு," என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார். பிறகு பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பி, "முனியம்மா, என்னுது நானூத்திப் பன்னெண்டு. ஒன்னுது என்னா?" என்றார்.

முனியம்மாவுக்குத் தெரியவில்லை. அவருக்கு அடுத்திருந்த லெச்சுமிக்கும் தெரியவில்லை. ஆறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து, கட்டில்களுக்கு நடுவில் நின்று, ஒவ்வொருவருடைய பெயரையும் இலக்கத்தையும் உரக்க வாசித்தேன். பெயர் வந்ததும் ஒவ்வொருவரும் கையைத் தூக்கினார்கள். மாரியாயி தன் பெயருக்கு இரண்டு கையையும் தூக்கினார்.